கோபத்துக்குக் கட்டிய கயிறு

கள்ளக்குறிச்சியில் தீனதயாளனுக்குக் கோபம் வராத இடம் என்று ஒன்று இருந்தால், அங்கே அவர் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

நிறுத்தத்தைத் தாண்டிப்போய் நிறுத்துகிற பேருந்து, சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டு மூட மறந்த ஒப்பந்தக்காரர், காது கிழிகிற ஒலிபெருக்கி, தொலைக்காட்சியில் ஒரே நேரத்தில் பேசுகிற நாலு பேர் என்று எல்லோர் மேலும் அவருக்கு ஒரு வழக்கு உண்டு. நியாயமான வழக்குத்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மனிதர் காரணமில்லாமல் ஒருநாளும் கத்தியதில்லை. என்ன ஒன்று, அவர் கத்தி முடித்த பிறகும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அவருக்கு மட்டும் தலை சுற்றும்.

ஊருக்கு வெளியே கரும்பும் நெல்லும் போடுகிறவர். வற்றாத கிணறு வாய்த்திருக்கிறது, வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட ஜெயசுதா வாய்த்திருக்கிறாள். மகள் அபிநயா சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். இனிமேல் கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டியதுதானே? அதுதான் அவருக்கு வராது. காலையில் செய்தித்தாளைப் பிரிக்கும்போதே "பாத்தியா, பாத்தியா" என்று ஆரம்பிப்பார். ஜெயசுதா அடுப்படியிலிருந்து "பாத்துகினுதான் இருக்கறேன்" என்பாள். அவள் பார்த்துக்கொண்டிருப்பது சட்னி தாளிப்பை.

முந்தின வருஷத்து ஜூன் மாதத்தில், கருணாபுரம் பக்கம் சாராயம் குடித்து வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தபோது, ஊரே வாயடைத்துக் கிடந்தது. தீனதயாளன் மட்டும் அடைக்கவில்லை. பெரிய ரோட்டில் எவனோ நீட்டிய மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இது ஊரா, சுடுகாடா? கேக்கறதுக்கு நாதி இல்லியா?" என்று அவர் போட்ட சத்தம் எல்லோர் போனிலும் ஓடியது. சங்கராபுரத்திலிருந்தும் திருக்கோவிலூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அதே சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை ஜெயசுதாதான் ஆட்டோவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனாள். அதற்கப்புறம் மாத்திரையும் கையுமாகத்தான் பிழைப்பு.

"ஒங்க பிரஷர் இருக்கற நெலமைக்கு, இன்னொரு தடவ இப்டி கத்தினீங்கன்னா ஆட்டோ பத்தாது" என்றார் டாக்டர். இதற்கே ஒரு சத்தம் போடலாமா என்று தீனதயாளன் ஒரு கணம் யோசித்தார்.

அபிநயா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் மனசு அடங்குமாம். தீனதயாளன் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "உங்கள் மனம் ஓர் அமைதியான ஏரி" என்று ஒரு பெண் குரல் கொஞ்சியது. அவரும் ஏரியை நினைத்தார். நடுவில் விளம்பரம் வந்தது. ஏரிக்கரையை ஒட்டிய அருமையான வீட்டுமனைகள், முந்துங்கள்! அவ்வளவுதான். "ஏரியவே தூத்துதானேடா மனை போட்டிருக்கீங்க!" என்று போட்ட கூச்சலில் மாட்டுக்கொட்டகையில் கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது.

ஜெயசுதா கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "குடிகாரன்கூட மலையடிவார முனியப்பன் கோயில்ல கயிறு கட்டிகினா திருந்திடறான். உங்கள இன்னாங்க பண்றது? கோவத்துக்குன்னு எந்தச் சாமி கயிறு கட்டுது?"

கேலிக்குத்தான் சொன்னாள். தீனதயாளன் அதையும் நியாயமான யோசனையாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். புளியமரத்தடியில் முனியப்பன் உட்கார்ந்திருந்தார். பிதுங்கிய கண், காது வரைக்கும் மீசை, ஓங்கிய அருவாள். பூசாரி கருப்பண்ணன் மலைமேல் சாமை போடுகிறவர். வாரநாளெல்லாம் காடு, ஞாயிறு மட்டும் கோயில். வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டும், அவர்கள் பெண்டாட்டிமார்கள் தலையை நிமிர்த்திக்கொண்டும் இருந்தார்கள்.

"குடிக்கறது இன்னா சாமி? பாட்டிலா, பாக்கெட்டா?" என்று கேட்டார் கருப்பண்ணன்.

"நான் குடிக்கறதே இல்லப்பா."

"எல்லாரும் மொதல்ல அப்டித்தான் சொல்றாங்க."

"நெசமாத்தான்யா! எனக்குக் கோவத்துக்குக் கட்டணும்."

வரிசை மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது. கருப்பண்ணன் திரும்பி முனியப்பனின் மீசையையும் அருவாளையும் ஒருதரம் பார்த்தார். "இவருகிட்டயே வந்து கேக்கறீங்களே சாமி. எப்பப் பாத்தாலும் அருவாள ஓங்கிகினுதான் இருக்கறாரு. சரி, அவரு இன்னா சொல்றாருன்னு கேட்டுடுவோம்" என்று பூ போட்டுப் பார்த்தார். பூ வலப்பக்கம் விழுந்தது. சாமிக்கு ஆட்சேபணை இல்லை.

"எத்தினி நாளைக்குக் கட்டணும்?"

"ஆயுசுக்கும்" என்றார் தீனதயாளன் கம்பீரமாக.

"ஆயுசுக்குக் கட்டினவன்லாம் அணையத் தாண்டறதுக்குள்ள அறுத்துட்டான் சாமி. பொங்கல் வரைக்கும் கட்டறேன். பொங்கலுக்கு வந்து மறுபடி கட்டிக்குங்க. மனசுக்குள்ள கோவம் வர்றதெல்லாம் முனியப்பன் கண்டுக்கமாட்டாரு. அது வாய்க்கு வந்தாத்தான் தப்பு. குடிக்கறவனுக்கும் அதே சட்டந்தான். நெனப்பு வரலாம், வாயில வெக்கக் கூடாது."

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் கருப்பண்ணன் சூடப் பொட்டலத்தை எட்டிப் பார்த்தார். ஒரு கட்டிதான் மீதி. தீனதயாளனுக்கு அடுத்து நின்றிருந்த ஆளைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணா கை வெய்யுங்க" என்றார். சூடத்தின்மேல் இரண்டு கைகள் நீண்டன, இரண்டு மணிக்கட்டிலும் கறுப்புக் கயிறு ஏறியது. விபூதியைப் பூசிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"ஒரே சூடத்துல கை வெச்சிட்டீங்க. இனிமே ஒருத்தருக்கொருத்தர் நீங்கதான் சாட்சி. வாராவாரம் போயி ஒருத்தர் கயித்த ஒருத்தர் பாத்துக்கணும். ஒருத்தர் அறுத்தா இன்னொருத்தர் கயிறும் செல்லாது."

"இது இன்னாய்யா அநியாயம்? எவனோ குடிச்சா என் கயிறு எதுக்குய்யா..." என்று தீனதயாளன் தொண்டையைத் திறந்தார். கருப்பண்ணன் அவருடைய மணிக்கட்டைச் சுட்டிக் காட்டினார். தீனதயாளன் தொண்டையை மூடிக்கொண்டார். கயிறு கட்டி அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்த இன்னொரு ஆளின் பெயர் பாண்டியன். கள்ளக்குறிச்சி நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அபிநயாவைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். கூட வந்திருந்த அவன் மனைவி பவானி, தீனதயாளனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், உங்கள நம்பித்தான் இருக்குது" என்றாள். புருஷனைவிட இவர்மேல்தான் அவளுக்குச் சந்தேகம் அதிகம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் தீனதயாளன் கிளாஸை வாங்கக் கையை நீட்டினார். கடைக்காரர் கயிற்றைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நல்ல காரியம் பண்ணீங்க சார். எத்தினி வருசமா?" என்றார்.

"எத்தினி வருசமா இன்னா?"

"சரி சரி, வுடுங்க. திருந்தினதுதான் பெருசு."

அப்போதுதான் தீனதயாளனுக்கு உறைத்தது. அந்தக் கயிறு எதற்குக் கட்டுவது என்று ஜில்லாவுக்கே தெரியும். கோபத்துக்குக் கட்டியதாக உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான். "இது குடிக்கு இல்லப்பா, கோவத்துக்கு" என்று அவர் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் பெரிய மனசோடு தலையாட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் அவர் ரகசியமாகக் குடித்த வருஷங்கள் வளர்ந்துகொண்டே போயின. அன்றைக்கு மைக்கில் கத்தியதுகூட உள்ளே போன சரக்குதான் என்று ஒரு கட்சி கிளம்பியது. அவரோடு சில்லறைக்குத் தினம் மல்லுக்கு நிற்கிற பேருந்து நடத்துநர், எண்ணிப் பாக்கியைக் கொடுத்து, "ஒடம்ப பாத்துக்குங்க சார்" என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

சங்கராபுரத்திலிருந்து ஜெயசுதாவின் தம்பி தெய்வசிகாமணி கூப்பிட்டான். "மாமா, உங்களுக்கு இந்தப் பழக்கம் இருக்குதுன்னு எங்க யாருக்குமே தெரியாம போச்சே! அக்கா எப்டித்தான் மூடி மறைச்சிதோ" என்று தழுதழுத்தான். தீனதயாளனுக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிக்கொண்டு வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது கட்டைவிரலை இடது கைக் கயிற்றுக்குள் விட்டு முறுக்கினார், முறுக்கினார், கை சிவந்துபோயிற்று. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

ஜெயசுதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "கோவம் வாயிக்கு வர வழியில்லாம கைல ஏறுதுங்க. எண்ண தடவட்டுமா?"

"நீயாச்சும் சொல்லேன்டி, நான் குடிக்கறதில்லன்னு!"

"சொன்னேங்க. பாவம், புருசன வுட்டுக்குடுக்கமாட்டேங்குதுன்னு பேசிக்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சட்டப்படி சாட்சி பார்க்கப் போக வேண்டும். பாண்டியன் வீடு கருணாபுரத்தை ஒட்டிய சந்தில். பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருக்கிற தீனதயாளன், அந்தச் சந்தில் கால் வைத்தது அன்றைக்குத்தான். பவானி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க எடுத்த படம்போல ஒரு பையன்.

"என் தம்பி அஜித்குமார் சார். அந்த ஜூன் மாசத்துல" என்றான் பாண்டியன். பவானி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். தீனதயாளனுக்குப் பேச ஏராளமாக இருந்தது. எல்லாம் மைக்கில் பேசுகிற மாதிரியே வந்ததால், டீயைக் குடித்தார்.

பாண்டியன் தன் கயிற்றைக் காட்டினான். ஒழுங்காக இருந்தது. அடுத்து தீனதயாளனின் முறை. பாண்டியன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்.

"புதன்கெழமை கரண்ட் ஆபீஸ்ல டேபிள தட்டினீங்களாமே?"

தீனதயாளன் ஆடிப்போனார். ஊரில் எங்கெல்லாம் மூட்டை இறங்குகிறதோ அங்கெல்லாம் பாண்டியனுக்கு ஆள் இருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "தட்டினது கைதானேப்பா. வாயில ஒண்ணும் வரல."

"பாத்துகினு நடங்க சார். உங்க கோவத்தால என் கயிறு போச்சுன்னா, பவானிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு "சரிப்பா" என்றார். ஒரு குடிகாரன் தன்னை மிரட்டுவதா என்று வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது தோன்றியது. அந்தக் குடிகாரன் இத்தனை நாளாகக் குடிக்கவில்லை, தானோ புதன்கிழமையே வழுக்கப் பார்த்தோம் என்பதும் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தோன்றிவிட்டது.

இப்படியாக ஞாயிறுதோறும் போக்குவரத்து நடந்தது. அந்தச் சந்தின் கோடியில் தெருவிளக்கு எரியாது. அந்த இருட்டில்தான் சாராயப் பாக்கெட் விற்கிறவன் நிற்பான். வேலை முடிந்து வருகிற பாண்டியன், தினம் அவனைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். தீனதயாளன் இதைக் கேட்டதும் பழைய தீனதயாளனாக எழுந்தார், கயிற்றைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் விளக்குக்குப் பொறுப்பான ஆபீசுக்குப் போய், அதிகாரியின் மேஜைக்கு எதிரே பெஞ்சில் அமர்ந்தார். "விளக்கு எரியல சார்" என்று ஒரு தடவை சொன்னார். அப்புறம் மூச்சைக் கவனித்தார்.

அதற்கு மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். அந்த ஆபீசில் அவருடைய தொண்டையைத் தெரியாதவர்கள் கிடையாது. சத்தம் போட்டால் "பாக்கறோம் சார்" என்று அனுப்பிவிடப் பழகியிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற தீனதயாளனை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அதிகாரி எழுந்து வந்து, "சார், நீங்க இப்டி சிரிச்சிகினு உக்காந்திருந்தா எனக்கு வயித்த கலக்குது. ரெண்டு சத்தம் போட்டுட்டுப் போயிடுங்களேன்" என்று கெஞ்சினார்.

"போடக்கூடாதுங்க. கயிறு" என்று கையைக் காட்டினார் தீனதயாளன்.

அந்த வாரமே விளக்கு எரிந்தது. பாக்கெட்காரன் வேறு இருட்டைத் தேடிப் போயிருப்பான், அது தீனதயாளனுக்கும் தெரியாமல் இல்லை. இருந்தாலும் பாண்டியன் வீட்டுக்கு வருகிற வழியில் அவன் இல்லை. அன்று ராத்திரி ஜெயசுதா பார்க்கும்போது மனிதர் செய்தியைப் போட்டுவிட்டு, நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற அந்த நிகழ்ச்சிக்கு முன்னால் தூங்கிப்போயிருந்தார்.

தீபாவளி வந்தது. அபிநயா வந்திருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, முதல் இட்லியைப் பிய்க்கும்போது போன் அடித்தது. பவானி.

"சார், அவரு குளிச்சிட்டு வெளிய போனவரு இன்னும் வரல. சட்ட பாக்கெட்டுல வெச்சிருந்த காசும் இல்ல. வருசா வருசம் தீபாவளிக்கு அண்ணனும் தம்பியும் ஒண்ணாத்தான் குடிப்பாங்க. எனக்குப் பயமா இருக்குது சார்." அவள் அழவில்லை. அதுதான் தீனதயாளனை எழுப்பிவிட்டது.

"எலை போட்டுடுவேன், சீக்கிரம் வாங்க. தெய்வசிகாமணி வேற வரான்" என்று ஜெயசுதா கத்துவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

மண்டி மூடிக் கிடந்தது. பின்பக்கக் கொட்டகையில், காலிச் சாக்குகளின்மேல் பாண்டியன் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. எதிரே கீழே ஒரு குவார்ட்டர் பாட்டில், பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் டம்ளர். இரண்டு. மூடி இன்னும் திறக்கவில்லை.

தீனதயாளனுக்குப் பழைய சத்தம் அடிவயிற்றிலிருந்து எழும்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டைக்கு வந்து நின்றது. அறிவிருக்குதா உனக்கு, செத்தவன் போதாதா, அந்தப் பொண்ணு அங்க வாசல்ல நின்னுகினு இருக்குது என்று வரிசையாக, வார்த்தை மாறாமல், தயாராக நின்றது. அத்தனையும் நியாயமான வார்த்தைகள். அவர் இன்னொரு சாக்கை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"திட்டுங்க சார்" என்றான் பாண்டியன்.

"மாட்டேன்."

"திட்டுங்க. நீங்க திட்னா உங்க கயிறு அறுந்துடும். உங்களுது அறுந்தா என்னுதும் செல்லாது. அப்பறம் நான் குடிச்சா முனியப்பனும் கேக்க முடியாது, பவானியும் கேக்க முடியாது."

தீனதயாளனுக்கு ஒரு கணம் அவன் சாமர்த்தியத்தைப் பாராட்டத் தோன்றியது. இத்தனை வக்கீல் மூளையை வைத்துக்கொண்டு மூட்டை தூக்குகிறானே! ஆனால் அவன் விளையாடவில்லை. பாட்டில் மூடியை விட்டு அவன் கண் நகரவில்லை. திட்டு வாங்கிவிட்டால் மூடியைத் திறந்துவிடுவான்.

"உங்க கரும்பெல்லாம் நோஞ்சான் கரும்பு சார். மில்லுல தூக்கிப் போடறப்பவே சிரிப்பாங்க" என்று ஆரம்பித்தான் பாண்டியன்.

"மழ கம்மி" என்றார் தீனதயாளன்.

"ஊரே உங்கள குடிகாரன்னுது."

"ஆமாம்பா. நடத்துநர்கூட அனுதாபப்படறாரு."

"உங்களுக்கு வாய் மட்டுந்தான் சார். ஒரு வேல உருப்படியா பண்ணதில்ல."

"ஜெயசுதாவும் அதான் சொல்லுது."

பாண்டியன் பாட்டிலைக் கையில் எடுத்தான். குரல் மாறிவிட்டது. "அன்னிக்கி ரோட்டுல மைக்க புடிச்சிகினு கத்தினீங்களே. ஊரெல்லாம் கை தட்டிச்சே. எங்க சந்து அங்கேர்ந்து எவ்வளோ தூரம்? என் தம்பிய வெள்ளத் துணில சுத்திக் கொண்டாந்து போட்டிருந்தாங்க. தூக்கறதுக்கு ஆள் பத்தல சார். எல்லா வூட்லயும் பொணம், யாரு யார தூக்கறது? நீங்க வந்தீங்களா? ஒரு கை குடுத்தீங்களா?"

கொட்டகைக்கு வெளியே எங்கோ சரவெடி வெடித்து ஓய்ந்தது. தீனதயாளனின் தொண்டையில் நின்றிருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கிப்போயின. திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வெட்கமாக இருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு சாயத் தோன்றாத வெட்கம். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடிந்த வெட்கம்.

"வரல பாண்டியா" என்றார். "கத்திட்டு வூட்டுக்குப் போயிட்டேன்."

பாண்டியன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இதற்கும் கோபம் வரவில்லை என்றால் இனி எதற்கு வரும்? தோற்றுப்போன பிள்ளைபோல முகம் கோணி, உடைந்து அழுதான். தம்பியின் சாவுக்கு அவன் அழுதானோ இல்லையோ, அன்றைக்கு அழுதான். தீனதயாளன் அவன் முதுகில் கையை வைத்தார். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டுப் பாண்டியன் பாட்டிலை நீட்டினான். "இத நீங்களே வெச்சிக்குங்க சார். இங்க ஊத்தினா வாசம் வரும், எனக்குத் தாங்காது. போற வழில சாக்கடைல ஊத்திடுங்க."

இரண்டு பேரும் நடந்தே கிளம்பினார்கள். பாண்டியன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தீனதயாளனின் புது வேட்டியில் பை இல்லை, புதுச் சட்டைப் பைக்குள் பாட்டில் நுழையவில்லை. கையில்தான் பிடித்துக்கொண்டார். பெரிய ரோட்டில் சாக்கடை எல்லாம் மூடி போட்டுக் கிடந்தது. இதற்கு முன்னால் சாக்கடையை மூடவில்லை என்று கத்தி, மூட வைத்தவரே அவர்தான். அவர் கத்தி நடந்த ஒரே காரியம் அது, இன்றைக்குப் பார்த்தா குறுக்கே நிற்க வேண்டும்?

திறந்த சாக்கடையைத் தேடிக்கொண்டு நடந்தபோது, எதிரே ஒரு பைக் கிறீச்சென்று நின்றது. தெய்வசிகாமணி. டேங்க்மேல் இனிப்புப் பெட்டி. அக்கா அனுப்பி, மாமாவைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். மாமாவின் கையில் இருப்பதைப் பார்த்தான்.

"மாமா!" என்று அலறினான். "பண்டிக நாளும் அதுவுமா! நடு ரோட்ல! கைல கயித்தயும் கட்டிகினு, கைல பாட்டிலயும் வெச்சிகினு! அக்கா அங்க எலய போட்டுட்டுக் காத்துகினு இருக்குது, அபிநயா மொகத்துல எப்டி முழிப்பீங்க? இதுல கூட்டாளி வேற!"

பட்டாசுக் கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். டீக்கடைக்காரர் "அடடா, அறுத்துட்டாரே" என்று உச்சுக்கொட்டினார். கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் தீனதயாளனின் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தீனதயாளனும் காத்திருந்தார். வரும், இதோ வரும் என்று பழக்க தோஷத்தில் கட்டைவிரல் கயிற்றுக்குள் போனது. ஒன்றும் வரவில்லை. முறுக்குவதற்கே வேலையில்லை. மச்சானின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது, பாவம், அக்காவுக்காகத் துடிக்கிறான். "ஏம்ப்பா, பெட்டில இன்னா இனிப்பு?" என்று கேட்டார்.

பாண்டியனுக்குத்தான் பொறுக்கவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பாய்ந்தான்.

"யோவ்! யாரப் பாத்து இன்னா பேசற? அது என் பாட்டிலுய்யா! அவரு ஒரு சொட்டு குடிப்பாரா? அவரு கட்டினது கோவத்துக்குய்யா, கோவத்துக்கு! தீபாவளியும் அதுவுமா சோத்த வுட்டுட்டு எனக்காவ ஓடியாந்த மனுசன்யா! நிக்கறீங்களே எல்லாரும் வேடிக்க பாத்துகினு, உங்கள்ல எவனாச்சும்..."

மூட்டை தூக்குகிறவனின் நெஞ்சுக்கூடு. தெரு முழுக்க அதிர்ந்தது. தெய்வசிகாமணி பைக்கோடு ஓரடி பின்னால் போனான். இந்த ஊரில் இதற்கு ஈடான சத்தத்தைத் தீனதயாளன்கூடப் போட்டதில்லை என்று டீக்கடைக்காரர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

சட்டென்று பாண்டியன் பாதியில் நிறுத்தினான். தன் மணிக்கட்டைப் பார்த்தான், தீனதயாளனின் மணிக்கட்டைப் பார்த்தான்.

"சார், கத்திட்டேனே... கயிறு?"

தீனதயாளன் இனிப்புப் பெட்டியைப் பிரித்து, ஒரு லட்டை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"உன் கயிறு அதுக்கு இல்லப்பா. நீ கத்து. என் பங்கையும் சேத்துக் கத்து."